புதுப்பிப்பு: இட்லிப்பூச் செடியில் மஞ்சள் இலை, சரியாகிவிட்டது

பாலக்கோட்டில் எங்கள் வீட்டு மதிலோரம் நிற்கும் இட்லிப்பூச் செடியில் கொழுந்து இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது, மொட்டும் வைக்கவில்லை என்று சித்திரையில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் யூரியா போட்டேன், பலனில்லை. இரும்புச்சத்துக் குறை என்று ஒரு அக்கா சொன்னாரே, அதுதான் சரி. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), அரை எலுமிச்சைச் சாறு கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் இருபுறமும் தெளித்தேன். பத்து நாளுக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று தடவை. புதுத் துளிர் நல்ல பச்சையாக வந்தது. பழைய இலைகள் பெரிதாக மாறவில்லை, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

எதிர்பாராத விஷயம் ஒன்று. வேரோரம் கிளறியபோது, வீடு கட்டிய காலத்துச் சிமெண்ட் கட்டிகள் ஒரு சட்டி நிறைய வந்தன! இட்லிப்பூவுக்கு அமிலத்தன்மை உள்ள மண்தான் பிடிக்கும். சுண்ணாம்பு ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. எங்கள் போர்வெல் தண்ணீரும் சுண்ணாம்பு கலந்த கடின நீர். கட்டிகளைப் பொறுக்கிவிட்டு மட்கிய இலையும் தொழுவுரமும் போட்டேன். இப்போது முடிந்தவரை மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறேன்.

தெளிக்கும்போது தரையை மூடிக்கொள்ளுங்கள். அன்னபேதி பட்ட இடத்தில் துருக்கறை படிந்துவிட்டது, தேய்த்தும் போகவில்லை.

இந்தப் பூ கிளை நுனியில்தான் வரும் என்பதால் கவாத்து (கிளை வெட்டுதல்) எதுவும் செய்யவில்லை. ஆவணி பிறந்ததும் முதல் சிவப்புக் கொத்து விரிந்தது, அப்புறம் நான்கு கொத்துகள்.