1976 செவ்ரலே சி10 பிக்கப்: உள்ளே இருப்பது 350-ஆ, 305-ஆ?

கேள்வி

வணக்கம். மாமாவிடமிருந்து எனக்கு வந்த வண்டி, 1976 செவ்ரலே சி10. அவருக்கு முன்பே மூன்று பேர் கை மாறியது. சேசிஸ் நம்பரின் மூன்றாவது எழுத்து ‘எல்’. அப்படியென்றால் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 350 கன அங்குல வி8, நான்கு பேரல் கார்புரேட்டர். ஏர் ஃபில்டர் மூடியிலும் 350 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஆனால் நடுவில் யாரோ இன்ஜினை மாற்றிவிட்டார்கள் என்று மாமா சொல்கிறார். எதைப் போட்டார்கள் என்று அவருக்கும் தெரியாது.

இப்போது கூலன்ட் குறைகிறது, காலையில் வெள்ளைப் புகை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். மற்றதெல்லாம் பழுப்பாக இருக்க, மூன்றாவது சிலிண்டர் பிளக் மட்டும் கழுவித் துடைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களை மூடும் ஹெட்டுக்கும் இன்ஜினின் உடலான பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கிறது என்று நினைக்கிறேன். எந்த இன்ஜினுக்கு என்று சொல்லி கேஸ்கெட் வாங்குவது? 1976-இன் 350 என்று சொல்லி வாங்கிவிடலாமா?

பதில் 1

இன்ஜின் என்ன நிறம்? ஆரஞ்சு என்றால் பழைய 350-தான், தயங்காமல் வாங்குங்கள்.

பதில் 2

தம்பி, நிறத்தையும் ஸ்டிக்கரையும் நம்பி வாங்காதே. ஒரு டப்பா பெயின்ட் இருந்தால் எந்த இன்ஜினும் ஆரஞ்சு ஆகிவிடும். ஏர் ஃபில்டர் பழைய இன்ஜினிலிருந்து அப்படியே எடுத்து மாட்டியதாக இருக்கலாம். சேசிஸ் நம்பர் அன்றைக்கு என்ன இருந்தது என்றுதான் சொல்லும்.

தவறினால் என்ன ஆகும் என்று முதலில் தெரிந்துகொள். 350-இன் போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 4.00 அங்குலம். அதன் தம்பியான 305 கன அங்குல வி8-இன் போர் 3.736 அங்குலம். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டுக்கும் 3.48தான், அதனால் வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். 305-க்கான சிறிய துளை கேஸ்கெட்டை 350-இல் வைத்தால், அதன் விளிம்பு சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நெருப்பு அதைச் சும்மா விடாது.

மூன்று இடம் பார். இடது வலது எல்லாம் வண்டிக்குள் முன்னோக்கி உட்கார்ந்திருப்பவர் கணக்கு.

முதலில் ஆயில் டிப் ஸ்டிக், ஆயில் அளவு பார்க்கும் கம்பி. 1979 வரை வந்த செவ்ரலே சிறிய பிளாக் வி8-களில் (350, 305 இரண்டும் இந்த வகைதான்) அது இடது பக்கம். 1980-லிருந்து வலது பக்கம். அப்புறம் வால்வு கவர். போல்ட் ஓரத்தில் சுற்றி இருந்தால் பழைய ஹெட், கவரின் நடுக்கோட்டில் வரிசையாக இருந்தால் 1987-க்குப் பிந்தைய வகை. ஆனால் ஹெட்டை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம், அதை வைத்து பிளாக்கை முடிவு செய்யாதே.

மூன்றாவதுதான் முக்கியம். இடது ஹெட்டுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பின் மேல், பிளாக்கிலேயே வார்த்த எண் இருக்கும். அதே விளிம்பின் வலது பக்கம் வார்த்த தேதி. இது போக, வலது ஹெட்டுக்கு முன்னால் சின்ன மேடை மாதிரி ஓர் இடம் உண்டு, அங்கே அசெம்பிளி எண்ணைக் குத்தியிருப்பார்கள். அதையும் பார்.

கேட்டவர்

அண்ணா, டிப் ஸ்டிக் வலது பக்கம்! வால்வு கவர் போல்ட் ஓரத்தில். முன்னால் இருக்கும் மேடையில் ஒன்றுமே இல்லை, வழுவழுப்பாக இருக்கிறது.

பின்பக்க எண்ணைப் பார்க்கத் தலைகீழாகத் தொங்க வேண்டியிருந்தது. விரல் கனத்துக்கு எண்ணெய்ப் பிசின். வயர் பிரஷ்ஷால் தேய்த்ததில் 1401020 வரை தெளிவாக வருகிறது. கடைசி இலக்கத்தில் துரு. ஒன்றா ஏழா என்று சொல்ல முடியவில்லை.

பதில் 2

வம்பே அந்தக் கடைசி இலக்கத்தில்தான். 14010201 என்றால் 305. 14010207 என்றால் 350, 1980 முதல் 1985 வரை வார்த்தது. பிரேக் கிளீனர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு சாக்பீஸைப் படுக்கையாக வைத்துத் தேய். எழுத்து மேடாக இருப்பதால் சுண்ணாம்பு அதன் மேல் மட்டும் ஒட்டும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடு.

முன் மேடை வழுவழுப்பு என்றது நல்ல துப்பு. ரீகண்டிஷன் செய்யும்போது பிளாக்கின் மேல்தளத்தைச் சீவுவார்கள், அப்போது குத்திய எண்ணும் போய்விடும். யாரோ இதை முழுதாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். போரும் பெரிதாக்கப்பட்டிருக்கலாம்.

கேட்டவர்

சாக்பீஸ் வேலை செய்தது! மேலே குறுக்குக் கோடு தெளிவாகத் தெரிகிறது, ஏழுதான். தேதி ‘எச் 15 3’.

பதில் 3

எச் என்பது எட்டாவது எழுத்து, அதனால் ஆகஸ்ட். 15-ஆம் தேதி. கடைசி 3 ஆண்டின் கடைசி இலக்கம். இந்த பிளாக் வந்த காலத்தில் 3-இல் முடிவது 1983 மட்டும்தான். பின் கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுப்பது) இரண்டு துண்டாக வரும் வகை, ஒரே துண்டு சீல் 1986-இல்தான் வந்தது. கேஸ்கெட் செட் முழுதாக வாங்கினால் இதைச் சொல்லி வாங்குங்கள்.

பதில் 2

இருந்தாலும் ஹெட்டைக் கழற்றி போரை அளந்த பிறகு வாங்கு தம்பி. ஒரு நாள் தாமதம்தான்.

கேட்டவர்

இடது ஹெட் இறங்கியது. மூன்றாவது சிலிண்டருக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே கேஸ்கெட் கறுத்துப் பிய்ந்திருந்தது. வெர்னியரில் போர் 102.4 மி.மீ. கரியைத் துடைத்தால் பிஸ்டன் தலையில் ‘30’ என்று குத்தியிருக்கிறது.

பதில் 2

கணக்கு சரியாக வருகிறது. 4.00 அங்குலம் 101.6 மி.மீ. அதற்கு மேல் 0.030 அங்குலம் போர் செய்திருக்கிறார்கள். 350-க்கான கேஸ்கெட்டுகளின் துளை பெரும்பாலும் 4.1 அங்குலத்தை ஒட்டி இருக்கும், தாராளமாகப் பொருந்தும். நாளை ரிங் வாங்கினால் மட்டும் 0.030 ஓவர்சைஸ் என்று கேள்.

ஹெட் தளம் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்க்காமல் மாட்டிவிடாதே. இந்த இன்ஜினில் ஹெட் போல்ட்டுகள் தண்ணீர் ஓடும் அறைக்குள் இறங்கும், அதனால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் திரெட் சீலர் தடவ வேண்டும். அதை மறந்தால் கேஸ்கெட் புதிதாக இருந்தும் கூலன்ட் கசியும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று சுற்றாக முறுக்கு, கடைசிச் சுற்று 65 பவுண்டு-அடி. வலது ஹெட்டையும் இப்போதே இறக்கிவிடு, அதன் கேஸ்கெட்டுக்கும் இதே வயதுதான்.

கேட்டவர்

இரண்டு பக்கமும் முடிந்தது அண்ணா. 400 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன், கூலன்ட் ஒரு சொட்டுக் குறையவில்லை, புகையும் இல்லை. ஸ்டிக்கர் சொன்னபடி 350 என்றே முடிந்தது, ஆனால் இது வேறு 350. பிளாக் எண், தேதி, போர் அளவு மூன்றையும் பெயின்ட் பேனாவால் பானட்டின் உட்புறம் எழுதி வைத்திருக்கிறேன்.