கிரீன்லாந்துப் பனியைப் பாரிசுக்குக் கொண்டுவந்தது கலையா, கூத்தா?

நீர்க்காகம்:
2015 டிசம்பரில் பாரிசில் பருவநிலை மாநாடு நடந்தபோது, கலைஞர் ஓலாஃபர் எலியாசனும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் பாந்தியன் சதுக்கத்தில் 12 பெரிய பனிப்பாளங்களைக் கடிகார முகம்போல் வட்டமாக வைத்தார்கள். கிரீன்லாந்தின் தலைநகரான நூக்கை அடுத்த ஃபியோர்டில், அதாவது நிலத்துக்குள் நீண்டு நுழையும் குறுகிய கடற்பகுதியில், மிதந்தவை அவை. படைப்பின் பெயர் 'ஐஸ் வாட்ச்'. வந்தவர்கள் கட்டிப்பிடித்தார்கள், காதை ஒட்டிவைத்துக் கேட்டார்கள். சில நாட்களில் எல்லாம் உருகிப் போனது. இழப்பைப் பற்றி இதைவிட நேராகப் பேசிய படைப்பை நான் பார்த்ததில்லை.

கொல்லைப்புறம்:
குளிர்பதனக் கண்டெய்னரில் அடைத்து, கப்பலேற்றி, லாரியேற்றிக் கொண்டுவந்ததை விட்டுவிட்டீர்களே. மொத்தம் சுமார் 30 டன் கார்பன் உமிழ்வு. தீ எப்படிப் பரவும் என்று காட்ட யாராவது வைக்கோல்போரைக் கொளுத்துவார்களா?

நீர்க்காகம்:
அந்தக் கணக்கைத் துப்பறிந்து யாரும் கண்டுபிடிக்கவில்லை, நண்பரே. எலியாசன் தரப்பே கணக்கெடுக்கச் சொல்லி வெளியிட்டது அது. முப்பது பேர் பாரிசிலிருந்து கிரீன்லாந்துக்கு விமானத்தில் போய்த் திரும்பினால் ஆகிற அளவு. அதோடு, பனிப்படலத்தில் எதையும் வெட்டவில்லை. ஏற்கெனவே உடைந்து கடலில் விழுந்தவற்றைத்தான் எடுத்தார்கள்.

கொல்லைப்புறம்:
சரி, இன்னொருவர் செய்ததைப் பாருங்கள். 1982இல் ஜெர்மனியின் காசெல் நகரில் கலைஞர் ஜோசப் பாய்ஸ் 7,000 பசால்ட் எரிமலைக் கற்களை அருங்காட்சியகத்தின் முன்னால் குவித்துவைத்தார். ஒரு மரம் நட்டால் ஒரு கல்லை எடுத்து அதன் பக்கத்தில் நடலாம், குவியல் கரைய வேறு வழியில்லை. 1986இல் அவர் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு அவருடைய மகன் கடைசி மரத்தை நட்டார். நட்டபோது மெலிந்த கன்றாக இருந்த மரத்தின் காலடியில் இன்று அந்தக் கல் குட்டையாக நிற்கிறது. உங்கள் பனிக்கட்டி எதை விட்டுப்போனது? ஈரத் தரையை.

பழைய ஐஸ்காரன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலையில் பதினொரு வருடம் இருந்தேன். எங்கள் ஐஸ் பார் ஓரத்திலிருந்து உள்நோக்கி உறையும். தண்ணீரிலிருந்த காற்றும் உப்பும் நடுவே ஒதுங்கி வெள்ளை நரம்பாக நிற்கும். பனிப்பாறை அப்படி அல்ல. ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பனிமேல் பனி அழுத்தியதில் அந்தக் காலத்துக் காற்று குமிழ் குமிழாகச் சிறைப்பட்டிருக்கும். உருகும்போது அது படபடவென்று வெடிக்கும். மக்கள் காதுவைத்துக் கேட்டது அதைத்தான். எங்கள் ஐஸ் பாரை நிறுத்திவைத்து இதைச் செய்திருக்க முடியாது.

நீர்க்காகம்:
ஐயா, நான் சொல்லத் தெரியாமல் தவித்ததைச் சொல்லிவிட்டீர்கள். கொல்லைப்புறம், மரம் நட்டால் கதை முடிந்துவிடாது. சிற்பி டேவிட் நாஷ் 1977இல் வேல்சில் 22 ஆஷ் கன்றுகளை வட்டமாக நட்டு, வளைத்து வளைத்துக் கூரைபோல் வளர்த்தார். அடுத்த நூற்றாண்டுக்கான படைப்பு என்று நட்டது. இப்போது ஆஷ் மரங்களை அழிக்கும் பூஞ்சை நோய் அங்கேயும் வந்துவிட்டது.

கொல்லைப்புறம்:
வந்தது. அதற்கு அவர் என்ன செய்தார்? வெளியே இன்னொரு வட்டமாக ஓக் கன்றுகளை நட்டார். நான் சொல்வதற்கு நீங்களே சாட்சி தேடித் தருகிறீர்கள்!

நீர்க்காகம்:
ஓக்கை நட்டதால் ஆஷ் திரும்பிவந்துவிட்டதா? இழந்ததை இழந்தது என்று ஒப்புக்கொள்ளாமல் உடனே கன்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் எனக்கு ஒட்டவில்லை. ஏரியைத் தூர்த்துவிட்டு எதிரில் மரக்கன்று விழா நடத்துகிறவர்களுக்கும் அது வசதியாகிவிடுகிறது.

கொல்லைப்புறம்:
அந்த ஏரி விஷயத்தில் உங்களோடு சண்டையில்லை. 30 டன்னில்தான் இன்னமும் சண்டை.

பழைய ஐஸ்காரன்:
ஒரே ஒரு சந்தேகம். அவ்வளவு பழைய தண்ணீர், உருகிய பிறகு எங்கே போயிருக்கும்? சாலையோரச் சாக்கடைக்குத்தானா?