புதுப்பிப்பு: 8 ஜென் 1-ஆ, 8 பிளஸ் ஜென் 1-ஆ? போன் வாங்கியாச்சு

பழைய போன்தான் வாங்கப்போகிறேன், போனின் மூளையான சிப் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 உள்ளதா, 8 பிளஸ் ஜென் 1 உள்ளதா, எது குறைவாகச் சுடும் என்று கேட்டிருந்தேன் இல்லையா, கிருஷ்ணகிரியிலேயே பிளஸ் ஒன்று கிடைத்தது, எடுத்துவிட்டேன். இரண்டும் 4 நானோமீட்டர் (சிப் தயாரிப்பு நுட்பத்தின் பெயர்) சிப்தான், ஆனால் முன்னது சாம்சங் ஆலையில் ஆனது, 2022-இல் வந்த பிளஸ் தைவானின் சிப் நிறுவனமான டிஎஸ்எம்சி தயாரிப்பு, மின்சாரம் இழுப்பதில் நல்ல வித்தியாசம், பிளஸ்தான் குறைவாக இழுக்கும், சூடும் குறைவு. அதற்காகச் சுடவே சுடாது என்று நினைக்க வேண்டாம். மத்தியான வெயிலில் பைக் ஹேண்டில்பாரில் மாட்டி மேப் போட்டுக்கொண்டு பர்கூர் போனால் திரை தானாக மங்குகிறது, அந்தச் சூட்டோடு சார்ஜ் போட்டால் வேகமும் படுத்துவிடுகிறது. கவரைக் கழற்றி ஃபேனுக்குக் கீழே வைத்தால் சரி. 80 சதவீதத்துக்கு மேல் எப்படியும் மெதுவாகத்தான் ஏறும், பேட்டரியின் குணம் அது, சார்ஜரைத் திட்டிப் பயனில்லை.

அப்புறம் கேமரா. ஒகேனக்கல்லில் அருவி நுரை வெறும் வெள்ளைத் திட்டாக விழுந்தது, நுரையின்மேல் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுத்த பிறகுதான் தண்ணீர் இழை இழையாகத் தெரிந்தது. 50 மெகாபிக்சல் என்றாலும் நான்கு பிக்சலை ஒன்றாக்கி 12.5 ஆகத்தான் சேமிக்கிறது, இரவுப் படத்துக்கு அதுவே நல்லது. செல்ஃபி சுமார்தான், வீட்டில் அதற்குத்தான் திட்டு.