லெவல் 1-இல் மோட்டார் பாதியில் நிற்கிறது, 5-இல் பாய்கிறது: செட்டிங்கா, கோளாறா?

பின்சக்கரம்:
வணக்கம். மின்சைக்கிள் ஒன்று கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. 36 வோல்ட் பேட்டரி, பின்சக்கரத்தில் ஹப் மோட்டார், 26 இன்ச் டயர். டிஸ்ப்ளே எஸ்866 வகை. முன்பு வைத்திருந்தவர் மாற்றிப் போட்டது, கையேடு கிடையாது.

மோட்டார் உதவிக்கு டிஸ்ப்ளேயில் 1 முதல் 5 வரை லெவல் இருக்கிறது. லெவல் 1-இல் 12 கிமீ வேகம் வரை தள்ளுகிறது, அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் மோட்டார் வேலை செய்வதில்லை. லெவல் 5-இல் பெடலை லேசாகச் சுற்றினாலே பாய்கிறது, திருப்பத்தில் பயமாக இருக்கிறது. மேடு ஏறும்போது பேட்டரி கட்டம் நாலிலிருந்து ஒன்றுக்கு இறங்குகிறது, நின்றதும் பழையபடி ஏறிவிடுகிறது. டிஸ்ப்ளே 25 காட்டும்போது செல்போன் ஜிபிஎஸ் 22-தான் காட்டுகிறது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

மேடுபள்ளம்:
கட்டம் அப்படி விழுந்தா பேட்டரி போச்சுன்னு அர்த்தம் ப்ரோ. முதல்ல அதை மாத்துங்க.

சங்கிலிச்சத்தம்:
பேட்டரி வாங்க ஓடிடாதீங்க. மேட்டில் மோட்டார் நிறைய கரண்ட் இழுக்கும், அப்போது வோல்டேஜ் தற்காலிகமாகத் தாழும். கட்டம் அந்த நேரத்து வோல்டேஜைத்தான் காட்டுகிறது. 36 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 42 வோல்ட் இருக்க வேண்டும், மல்டிமீட்டரில் பாருங்கள். அது சரியாக இருந்து, மேட்டில் வண்டி அணைந்தும் போகவில்லை என்றால் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

உங்கள் முக்கியமான கேள்வி லெவல்தான். லெவல் என்றால் பலம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பல மலிவான கன்ட்ரோலர்களில் (மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) அது வேக வரம்பு. லெவல் 1 என்றால் "12 வரைக்கும் நான் தள்ளுகிறேன், பிறகு உன் பாடு" என்பதுதான். அந்த 12-ஐ எட்டும்வரை லெவல் 1-இலும் கிட்டத்தட்ட முழு பலத்தோடு தள்ளக்கூடும். இன்னொரு வகை கன்ட்ரோலரில் ஒவ்வொரு லெவலும் கரண்டின் அளவை மாற்றும். அதில்தான் 1 மென்மை, 5 பலம்.

எந்த வகை என்று கண்டுபிடிக்க, பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள் (சங்கிலிப் பக்கம் விரல், துணி எதுவும் போகக் கூடாது). லெவலுக்கு லெவல் வேறு வேறு வேகத்தில் நின்றால் வேக வரம்பு வகை. எல்லா லெவலிலும் உச்ச வேகத்துக்கே போனால் கரண்ட் வகை. இதைப் பார்க்காமல் செட்டிங்கில் கை வைத்தால் எதை மாற்றினோம், எது மாறியது என்றே புரியாது.

அடுத்து டிஸ்ப்ளே செட்டிங்கில் பி06 (P06), அதாவது சக்கர அளவு. 29 என்று இருக்கும் என்பது என் சந்தேகம். 26-க்கும் 29-க்கும் உள்ள வித்தியாசம் பதினொரு சதவீதத்துக்குச் சற்று மேல். நீங்கள் சொன்ன 22, 25 கணக்கு அதோடு ஒத்துப்போகிறது.

பின்சக்கரம்:
ரொம்ப நன்றி அண்ணா. பி06 29-தான். தூக்கி நிறுத்திப் பார்த்ததில் ஒவ்வொரு லெவலும் ஒவ்வொரு வேகத்தில் நிற்கிறது. சார்ஜ் முடிந்ததும் 41.8 வோல்ட். 26 ஆக்கியதும் ஜிபிஎஸ்ஸும் டிஸ்ப்ளேயும் ஒன்றாகிவிட்டன. ஆனால் அந்தப் பாய்ச்சல் அப்படியேதான் இருக்கிறது.

சங்கிலிச்சத்தம்:
மேட்டில் வண்டி அணையவில்லை என்றால் பேட்டரியை இப்போதைக்கு விட்டுவிடலாம். பாய்ச்சலுக்கு பி12 பாருங்கள், மிதிக்கத் தொடங்கும்போது கொடுக்கும் பலம். ஒவ்வொரு படியாகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். பி13 பெடல் சென்சாரில் உள்ள காந்தங்களின் எண்ணிக்கை. 5, 8, 12 என்று வரும், பெடல் அச்சில் இருக்கும் காந்த வட்டில் எண்ணிப் பார்த்துச் சரிபாருங்கள். மாற்றுவதற்கு முன் எல்லா எண்களையும் போட்டோ எடுத்து வையுங்கள். பி14 கரண்ட் வரம்பு, ஏற்றினால் கன்ட்ரோலர் புகையக்கூடும். அதைத் தொடவே வேண்டாம். சில டிஸ்ப்ளேயில் இந்த எண்களின் வரிசை மாறியிருக்கும், அதனால் திரையில் இருக்கும் மதிப்பு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

முழுசாகச் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்களுடையது பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் அறியும் சென்சார். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. அதற்கு டார்க் சென்சார் வேண்டும், அது வேறு செலவு.

மேடுபள்ளம்:
சரிதான், பேட்டரி பத்தி நான் சொன்னதை விட்டுடுங்க. ஒரு சந்தேகம்: டவுன் பட்டனை அழுத்திப் பிடிச்சா வண்டி தானா நகருதே, அது எதுக்கு?

சங்கிலிச்சத்தம்:
இறங்கித் தள்ளும்போது உதவிக்கு. 6 கிமீ வேகம், பட்டனை விட்டதும் நின்றுவிடும். சாய்தளத்தில் ஏற்ற நல்லது.

பின்சக்கரம்:
பி12 3-இல் இருந்தது, 1-க்கு இறக்கிவிட்டேன். திருப்பத்தில் பயமில்லை. மேட்டுக்கு மட்டும் லெவல் 3, கியரைக் குறைத்துக்கொள்கிறேன். பி13-இல் 12 இருக்கிறது, வட்டிலும் 12 காந்தம்தான்.