கலைச்சொல் தேவை: ஒன்றையும் விடாத தேடல்

திருச்சியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கான கணினி நெறிமுறை (அல்காரிதம்) பற்றிய பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். நேரியல் தேடல், இருமத் தேடல் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன; அவற்றில் தொல்லை இல்லை. 'எக்ஸாஸ்டிவ் சர்ச்' என்பதில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். பெட்டிப் பூட்டின் மூன்றிலக்க எண் மறந்துபோனால் 000 தொடங்கி 999 வரை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்போமே, அந்தத் தேடல். மூல நூலாசிரியர் அதே பத்தியில் கல்லையெல்லாம் புரட்டுவது, நெருக்கமான பல் கொண்ட சீப்பால் வாருவது, சலிப்பது, குடைவது என்று ஆங்கில வழக்குகளை அடுக்கி, எல்லாம் ஒன்றுதான் என்கிறார். இப்போதைக்கு 'முழுத்தேடல்' என்று எழுதிவைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

நெல்லையிலிருந்து தமிழாசிரியர் எழுதியது:

ஐயா, 'முழுத்தேடல்' உப்புச் சப்பில்லாத சொல். 'துருவு' என்ற வினை கையில் இருக்கும்போது இந்த ஒட்டு வேலை எதற்கு? துருவித் துருவிக் கேட்டான் என்கிறோம். 'துருவல்' என்று வைத்தால் ஒரே சொல், நான்கே எழுத்து. துளை, துழாவு, துரப்பு, துப்பு எல்லாம் ஒரே வேரின் கிளைகள் என்பது என் நெடுநாள் கருத்து. உள்ளே புகுந்து மறைந்ததை வெளிக்கொணர்வதே அந்தத் துகரத்தின் உயிர். திருமாலின் துழாயும், அதாவது துளசியும், இதில் சேரும். அதைத் தனி மடலில் விளக்குகிறேன்.

பெங்களூரிலிருந்து நிரலாளர் எழுதியது:

துழாயை விட்டுவிடலாம் ஐயா, தயவுசெய்து. 'துருவல்' என்று தலைப்பிட்டால் முதல் பெஞ்சு முதல் கடைசி பெஞ்சு வரை தேங்காய்தான் நினைவுக்கு வரும். மேலும், துருவுகிறவர் ஓட்டை நெருங்கியதும் நிறுத்திவிடுவார், கருப்பு கலந்துவிடும் என்று. அப்படி மிச்சம் வைப்பது இந்தத் தேடலின் அடிப்படைக்கே விரோதம்.

நெல்லையிலிருந்து:

'அலசல்' என்றதும் உங்களுக்குத் துணி துவைக்கும் கல்லா நினைவுக்கு வருகிறது? நாளேடுகள் நாள்தோறும் அரசியல் அலசல் எழுதவில்லையா? அமெரிக்கர் எலியைக் கணினிக்குள் விட்டபோது யாரும் சிரிக்கவில்லை. தேங்காய்க்கு மட்டும் என்ன தீட்டு?

கோவையிலிருந்து ஒருவர்:

எங்கள் ஊரில் பொற்கொல்லர் பட்டறைகள் இருக்கும் தெருக்களில், கடை திறக்கும் முன்பே சாக்கடை ஓரம் சிலர் குந்தியிருப்பார்கள். சேற்றை அள்ளித் தட்டில் போட்டு நீர்விட்டுச் சுழற்றுவார்கள். மண் வழிந்து போகும், கனமான துகள் அடியில் தங்கும். அதற்குப் பெயர் அரித்தல். அரிசியில் கல் அரிப்பதும் இதே கைப்பக்குவம்தான். 'அரிப்பு' என்று வைத்தால் உழைப்பவர் வாயிலிருந்து வந்த சொல்லாக இருக்கும்.

பெங்களூரிலிருந்து:

'அரிப்பு' வேண்டாம். வகுப்பே கலைந்துவிடும்.

சேலத்திலிருந்து கணித ஆசிரியை எழுதியது:

இதுவரை வந்தவை எல்லாம் தேடுகிறவரின் உழைப்பைப் பாராட்டும் சொற்கள். மூல நூலாசிரியர் அடுக்கிய ஆங்கில வழக்குகளுக்கும் அதுவே குணம். காவல்துறை 'வலைவீசித் தேடி வருகிறது' என்று நாளேட்டில் படித்தால் முனைப்பு தெரிகிறது. ஆனால் வலைக்குக் கண் உண்டு, பொடிமீன் தப்பிவிடும். இந்த நெறிமுறைக்கோ முனைப்பும் இல்லை, மூளையும் இல்லை. எந்த வாய்ப்பையும் விடவில்லை என்ற உறுதி ஒன்றுதான் அதன் சொத்து. அதனால்தான் 'கிடைக்கவில்லை' என்று அது சொன்னால் இல்லவே இல்லை என்று அர்த்தம். துருவியும் அரித்தும் அகப்படாத பொருள் வேறெங்காவது இருக்கலாம்.

அந்த உறுதிக்குக் கொடுக்கும் விலையும் பெரிது. விற்பனையாளர் ஒருவர் தன் ஊரையும் சேர்த்து 10 ஊர்களைச் சுற்றிவிட்டு வீடு திரும்ப 3,62,880 வழிகள். 15 ஊர்களானால் 8,717 கோடியைத் தாண்டிவிடும். எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டும். ஆகவே சொல்லில் மிச்சமின்மை தெரிய வேண்டும். 'எஞ்சாத் தேடல்' என்று வைக்கலாமா?

நெல்லையிலிருந்து:

அம்மா, 'எஞ்சாத் தேடல்' செவிக்கு இனியது. ஆனால் எஞ்சு என்றால் எச்சம் வரும், எச்சம் என்றால் மாணவர்கள் காக்கையை நினைப்பார்கள். தேங்காயைத் தள்ளியவர்கள் காக்கையை ஏற்பார்களா? துருவலை விட்டுக்கொடுப்பதானால் 'முற்றுத்தேடல்' என்று வையுங்கள். எல்லாரும் வந்தார் என்பதில் உள்ள உம்மை முற்றும்மை, ஒருவரையும் விடாதது. வன்றொடர்க் குற்றியலுகரம் ஆதலால் ஒற்று மிகும், புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை. தொல்காப்பியர் உழிஞை என்ற போர்த்திணைக்கு 'முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்' என்கிறார். முழுவும் முற்றும் ஒரே அடியில் நிற்பதைப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியது:

ஆசிரியர் ஐயா தாமே காட்டிக்கொடுத்துவிட்டார். அந்த நூற்பாவில் முற்றல் என்பது கோட்டையை வளைப்பது. முற்றுகையும் அதே வேர். எங்களுக்குப் போர்க்காலத்தில் 'சுற்றிவளைப்புத் தேடுதல்' என்று ஒன்று இருந்தது. விடியுமுன் படையினர் ஊரை வளைப்பார்கள். ஆட்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் கொண்டுபோய் இருத்தி, முகத்தை மூடிய தலையாட்டியின் முன்னால் ஒவ்வொருவராக நடத்துவார்கள். அவன் தலையை ஆட்டினால் ஆள் போய்விட்டார். அதுவும் ஒன்றையும் விடாத தேடல்தான். இப்போதைய பிள்ளைகளுக்கு அது நினைவில்லை என்று என் மகளே சொல்கிறாள், இருக்கலாம். ஆனால் பாடத்தை நடத்தப் போகிறவர்கள் எங்கள் வயதுக்காரர். 'முற்று' வேண்டாம். 'தேடல்' இருக்கட்டும், 'தேடுதல்' ஆக்கிவிடாதீர்கள்.

சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற நூலகர்:

கம்பரைக் கேட்கலாமே. சுக்கிரீவன் ஒரு மாதத் தவணை கொடுத்து வானரப் படையைத் திசைதோறும் அனுப்புவது 'நாட விட்ட படலம்'. அனுமன் இலங்கைக்குள் வீடு வீடாகப் பார்ப்பது 'ஊர் தேடு படலம்'. வள்ளுவரும் 'நோய்நாடி' என்றார். 'நாடல்' எப்படி?

கல்லைப் புரட்டும் வழக்கு ஆங்கிலேயருக்கும் கடன் சரக்கு. கி.மு. 479இல் பிளாட்டீயா போரில் இறந்த பாரசீகத் தளபதி மார்டோனியஸ் புதைத்துவைத்த செல்வத்தைத் தேடி அலுத்துப்போன ஒருவனுக்கு, 'ஒவ்வொரு கல்லையும் அசைத்துப் பார்' என்று டெல்ஃபியில் குறி சொன்னார்களாம், கிரேக்கர் கதை. நாம் அதை அப்படியே எடுத்தால் 'புரட்டுத் தேடல்' ஆகும். தமிழில் புரட்டு என்றால் வேறு.

சேலத்திலிருந்து:

நாடலை நோயாளி மருத்துவரை நாடுவதற்கே விட்டுவிடுவோம் ஐயா. ஆனால் அனுமன் நல்ல எடுத்துக்காட்டு. மண்டோதரியைப் பார்த்துச் சீதையோ என்று மயங்கி, அல்லள் என்று தெளிகிறான். சோதித்துத் தள்ளும் படி அதுதான். ஆனால் அசோகவனத்தில் கண்டதும் நிறுத்திவிட்டானே, மிச்சம் எத்தனை மாளிகை?

பெங்களூரிலிருந்து:

கண்டதும் நிறுத்தலாம். ஒன்றைக் கண்டால் போதும் என்ற சிக்கலில் எஞ்சியதைப் பார்க்கத் தேவையில்லை. மிகச் சிறிய வழியைக் கேட்டால்தான் கடைசி வரை போக வேண்டும்.

நெல்லையிலிருந்து:

அனுமன் தேடியது மிகச் சிறந்ததை.

திருச்சியிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

பெரியோர்களே, பக்கங்கள் நாளைக் காலை போகின்றன. 'துருவல்' கேட்டவர் ஒருவர், 'எஞ்சாத் தேடல்' கேட்டவர் ஒருவர், 'முற்றுத்தேடல்' வேண்டாம் என்பதற்கு மறுக்க முடியாத காரணம் வந்துவிட்டது. 'முழுத்தேடல்' மட்டும்தான் யாரையும் உறுத்தவில்லை. அதையே விடுகிறேன். வந்த முதல் இடத்தில் 'எதையும் எஞ்சவிடாத தேடல்' என்று ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கிறேன், சேலம் அம்மாவுக்கு நன்றி.

நெல்லையிலிருந்து:

அச்சிடுங்கள். என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் 'துருவல்' என்றே சொல்வேன். விடைத்தாளில் அப்படி எழுதுகிற பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம் என்று ஆசிரியர் குறிப்பில் போட முடியுமா?

சேலத்திலிருந்து:

முடிவை ஏற்கிறேன், மனம் ஒப்பவில்லை. ஒரு திருத்தம் மட்டும். பயிற்சிப் பகுதியில் 1 முதல் 100 வரையான எண்களில் தேடும் கணக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் சொற்படி அதன் தலைப்பு 'முழு எண்களில் முழுத்தேடல்' என்று வரும். எண் முழுதா, தேடல் முழுதா என்று பிள்ளைகள் விழிப்பார்கள். அச்சுக்குப் போகும் முன் அந்தத் தலைப்பிலிருந்து 'முழு எண்களில்' என்பதை எடுத்துவிடுங்கள்.