பத்தொம்போதா இருபதா? ஏற்காடு படம் பத்தி ஒரு கேள்வி

சிவப்புக்குடை:
நேத்து நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுவுல ஒருத்தர் போட்டது: "ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. படத்துல அந்தப் பொண்ணு 19-ன்னு சொல்லுது. மலை ஏறிப் பாக்காத டைரக்டரு, முதல் படம், வேற என்ன வரும்?" அதுக்குக் கைதட்டு வேற. எரிச்சல்ல எனக்குத் தூக்கம் போச்சு.

படம் பாக்காதவங்களுக்கு: அப்பன்கிட்ட அடி வாங்கி வாங்கிப் பேச்சே நின்னுபோன எட்டு வயசுப் பொண்ணு. பாட்டிக்கு மலை மேல காப்பித் தோட்டத்துல வேலை, அங்க தொழிலாளிங்க இருக்கற லைன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவுது. முதல் தடவ பஸ்ல பாட்டி மட்டும் ஒவ்வொரு வளைவா சத்தமா எண்ணும், பொண்ணு வாயே தொறக்காது. கடைசில, சேலத்துல விசாரணை முடிஞ்சு திரும்பறப்ப தானா எண்ணிக்கிட்டே வந்து, ஏரிகிட்ட இறங்கி "பத்தொம்போது"ன்னு சொல்லும். ஒரு ராத்திரி அப்பன் காரை நிறுத்தி அவள இறக்கி விட்டுட்டுப் போன வளைவ வேணும்னே விட்டுடுது. பாட்டிக்கும் தெரியும், திருத்தாது. இதப் போய் தப்புங்கறீங்களே?

மலைப்பாதை:
போட்டது நான்தான். பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். இந்த ரூட்டுல 22 வருசம் வண்டி ஓட்டினவன். அடிவாரத்துல இருந்து 20 பெண்டு. போர்டுல 20. யாரு எண்ணினாலும் 20. ராத்திரி மூடுபனில கண்ண மூடிட்டு எண்ணினாலும் 20.

அம்மாப்பேட்டைக்காரன்:
கண்ண மூடிட்டா ஓட்டினீங்க? அந்த 22 வருசத்துல நான் உங்க வண்டில ஏறலன்னு சாமிக்கு நன்றி 🙏

சிவப்புக்குடை:
அண்ணா, 20-ன்னு எனக்கும் தெரியும், படம் எடுத்தவங்களுக்கும் தெரியும். பாட்டி முதல் தடவ 20-ன்னுதான் எண்ணும். அதக் கேட்டீங்களா இல்லயா?

மலைப்பாதை:
பாட்டி சரியா எண்ணுச்சு, ஒத்துக்கறேன். பொண்ணு தப்பா எண்ணுச்சு. தப்பா எண்ணினா பெரியவங்க திருத்தணும். அதானே வளர்ப்பு?

காப்பிப்பூ:
எங்க தாத்தா காலத்துல இருந்து மேலதான் இருக்கோம். வளைவ விடுங்க, காப்பி சீன யாராச்சும் பாத்தீங்களா? ஒரே காட்சில செடி முழுக்க வெள்ளைப் பூ, பக்கத்துல பொம்பளைங்க செவப்புப் பழம் பறிக்கறாங்க. பூ வர்றது மாசி பங்குனில, ஒரு மழை விழுந்த பத்து நாள்ல. மல்லி மாதிரி வாசம் அடிச்சுட்டு ரெண்டு மூணு நாள்ல கொட்டிரும். பழம் எடுக்கறது கார்த்திகைல இருந்து தை வரைக்கும். 1820-கள்ல காக்பர்ன் கலெக்டர் செடி கொண்டாந்த காலத்துல இருந்து இதுதான் நடைமுறை.

மலைப்பாதை:
பாத்தீங்களா! பூவும் தப்பு, பெண்டும் தப்பு.

காப்பிப்பூ:
உங்களுக்கு ஒத்து ஊத நான் வரல. பூவப் பத்தி மட்டும் சொன்னேன். அந்தப் பொண்ணு பூவ மோந்து பாத்து முதல் தடவ சிரிக்கற இடத்துல நானும் அழுதேன்.

தட்டுவடைசெட்:
குப்பனூர் வழியா ஏறியிருந்தா? அங்க 20 கிடையாதே. மண்ணு சரிஞ்சா பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கம்தானே சுத்தி விடறாங்க?

மலைப்பாதை:
பஸ் மாடர்ன் தியேட்டர்ஸ் பழைய சினிமா ஸ்டுடியோ வாசல் வளைவத் தாண்டித்தான் போவுது, படத்துல தெளிவா காட்டறாங்க. அப்ப அது கோரிமேடு, அடிவாரம் ரூட்டு. குப்பனூர் பேச்சே இங்க வேண்டாம். 20.

அம்மாப்பேட்டைக்காரன்:
அந்த வளைவையும் சேத்தா 21 😂

மலைப்பாதை:
கிண்டல் பண்ணாதீங்க தம்பி. 1956-லயே தமிழ்ல முதல் முழு வண்ணப் படம் எடுத்த ஊரு இது. மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர்.சுந்தரம் செட்டுல ஒரு ஆணி மாறியிருந்தாலும் ஷூட்டிங்க நிறுத்திருப்பாரு. அந்த ஊர்ல வந்து 19-ன்னு எடுத்துட்டுப் போறாங்க, நாம அழுதுட்டு வர்றோம்.

சிவப்புக்குடை:
ஆணி கதை எங்க இருந்து வந்துச்சு?

மலைப்பாதை:
ஒரு பேச்சுக்குச் சொன்னது. 20 பேச்சுக்குச் சொன்னது இல்ல.

கோப்புக்கட்டு:
குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். இந்தப் படத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு குழந்தையைப் பாட்டி தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டால் விஷயம் முடிந்துவிடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யாராவது அழைக்க வேண்டும், மீட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். யாரிடம் ஒப்படைப்பது என்பதை அந்தக் குழு முடிவு செய்யும். தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நால்வர். குழந்தை மிரளக்கூடாது என்பதற்காக உயர்ந்த மேடையில்கூட உட்காரமாட்டார்கள். படத்திலோ கூண்டு, கறுப்பு அங்கி, சுத்தியல்! தகப்பனுக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு பொருந்தும், மூன்றாண்டு வரை சிறை. அதைப் பற்றி ஒரு வசனம்கூட இல்லை. நிஜத்தில் பாதிக்கப்பட்ட ஒரு குடும்பம் இதைப் பார்த்தால் குழுவுக்கு வரவே பயப்படும். இதைப் பேசலாமா?

மலைப்பாதை:
பேசலாம் மேடம். ஆனா அந்த விசாரணைக்குப் போய்ட்டு வர்ற வழியிலதானே 19 வருது?

கோப்புக்கட்டு:
நான் விலகிக்கொள்கிறேன்.

அம்மாப்பேட்டைக்காரன்:
அக்கா போகாதீங்க. இவரு போன வருசம் மாம்பழ விவாதத்துலயும் இப்படித்தான். மல்கோவா எங்க ஊர்தான்னு மூணு நாள் விடல.

மலைப்பாதை:
மல்கோவா நம்ம ஊர்தான். அதுல நீங்க இன்னும் பதில் சொல்லல.

பழையபஸ்டாண்டு:
நான் ஒண்ணு கேக்கறேன், திட்டாதீங்க. அப்பா ரெண்டு அடி அடிச்சதுக்கெல்லாம் படமா? எங்கப்பா தறிக்குழிகிட்ட கட்டி வச்சு அடிச்சாரு. நான் கெட்டா போயிட்டேன்?

மலைப்பாதை:
எனக்கும் பெல்ட்டு அடிதான். கணக்கு தப்பா போட்டா ஒரு தப்புக்கு ஒண்ணு. இன்னிக்கு வரைக்கும் எண்ணிக்கை தவறினது இல்ல.

சிவப்புக்குடை:
அண்ணா... நீங்க எழுதினத நீங்களே ஒரு தடவ படிச்சுப் பாருங்க.

மலைப்பாதை:
படிச்சேன். எழுத்துப் பிழை இல்லயே?

தட்டுவடைசெட்:
இடைவேளைல எங்க தியேட்டர்ல தட்டுவடை செட்டே இல்ல. பாப்கார்ன் மட்டும்தான். சேலத்துல! இதுக்கு ஒரு தனி விவாதம் போடலாமா?

காப்பிப்பூ:
கொத்தமல்லிச் சட்னி வைக்காதவன் கடையெல்லாம் ஒரு கடையா?

தட்டுவடைசெட்:
ரெண்டு சட்னியும் வேணும். புதினா தனியா.

மலைப்பாதை:
பேச்ச மாத்தாதீங்க. சிவப்புக்குடை மேடத்துக்கு ஒரே கேள்வி. விட்டுட்டான்னு சொல்றீங்களே, எந்தப் பெண்டு? நம்பர் சொல்லுங்க.

சிவப்புக்குடை:
ஒன்பதாவது. அந்த இடம் வர்றப்ப விரல மடக்கிட்டு ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கும். பாட்டி அந்தப் பக்கம் திரும்பாம மடில இருக்கற பையத் தடவும். தியேட்டர்ல எனக்குப் பின்னாடி உக்காந்திருந்த அம்மா "ஐயோ"ன்னுச்சு. வசனமே இல்ல அண்ணா. அந்த "ஐயோ"வுக்குப் பேருதான் படம்.

மலைப்பாதை:
ஞாயித்துக்கிழமை பேத்தியக் கூட்டிட்டு ஏறறேன். வீடியோ எடுத்துப் போடறேன். அவ எண்ணட்டும், எல்லாரும் பாருங்க.

அம்மாப்பேட்டைக்காரன்:
பாப்பா 19-ன்னு சொல்லிட்டா?

மலைப்பாதை:
சொல்ல மாட்டா. சொன்னா அங்கயே இறக்கி விட்டுருவேன் 😄

சிவப்புக்குடை:
அந்த அப்பனும் சிரிச்சுக்கிட்டேதான் இதச் சொல்லுவான், படத்துல.

மலைப்பாதை:
அவன் சொல்றது பதினொன்னாவது பெண்டுல. ஒன்பது இல்ல. பின்னாடி போர்டு தெரியும், நல்லாப் பாருங்க.

சிவப்புக்குடை:
ஒன்பது.

மலைப்பாதை:
பதினொன்னு.