புதுப்பிப்பு: பேஸ் கிட்டார் இரைச்சல் தீர்ந்தது

ஹட்டனில் கோயில் மண்டபத்து டியூப் லைட்டைப் போட்டாலே என் பேஸ் இரைகிறது, புது ஹம்பக்கர் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் பிக்கப்பில், இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் வகை) போட்டும் அடித்தொனியே இல்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். பிக்கப் நல்லதுதான். பிழை என் வயரிங்கில்.

ஹம்பக்கருக்குள் இரண்டு சுருள். ஒன்றில் காந்தத்தின் வட முனைவு மேலே, மற்றதில் தென் முனைவு, சுருளைச் சுற்றிய திசையும் எதிரெதிர். கரண்டின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலுக்குக் காந்தம் எப்படி இருந்தாலும் ஒன்றுதான், அதனால் இரு சுருளிலும் எதிரெதிராக வந்து அழிந்துவிடும். கம்பியின் அதிர்வோ இரண்டு தரம் தலைகீழாகி ஒன்றுசேரும். எவ்வளவு அழகான யோசனை! நான் ஒரு சுருளின் இரு நுனிகளையும் மாற்றிப் பற்றவைத்திருந்தேன். இரைச்சல் கூடியது, இசை அழிந்தது.

ஒவ்வொரு சுருளுக்கும் மல்டிமீட்டரைக் கொடுத்து, ஸ்க்ரூடிரைவரை முனைவில் வைத்துச் சட்டென்று எடுத்துப் பார்த்தேன். ஒரு சுருளில் பிளஸ், மற்றதில் மைனஸ். அந்த இரண்டு வயரையும் மாற்றினேன், முடிந்தது. வயர் நிறம் கம்பனிக்குக் கம்பனி வேறு, அதை நம்பாதீர்கள்.

இரண்டு சுருளையும் தொடராக இணைத்தால் 10.4 கிலோ ஓம் காட்டுகிறது, சமாந்தரமாக 2.6. தொடரில் சத்தம் கனதி, சமாந்தரத்தில் தெளிவு. பஜனைக்கு எனக்குத் தொடர்தான் பிடித்திருக்கிறது.